காபி நாட்டுக்கு டூர் போறீங்களா? காரைக்காலுக்கும் தென்னமெரிக்காவுக்கும் ஒரு பழைய கப்பல் பாதை உண்டு

‘காபித் தோட்டங்களும் கலர்ஃபுல் நகரங்களும்’ என்று கொலம்பியா, பிரேசில் பக்கம் கூட்டிப்போகும் டூர் விளம்பரங்கள் இப்போது குடும்ப வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துவிட்டன. சிங்கப்பூர், துபாய், ஐரோப்பா எல்லாம் பார்த்தாச்சு, அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்குத் தென்னமெரிக்காதான் புது ஊர். கைடு, ஹோட்டல், உள்ளூர் விமானம் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். பணம் கட்டினால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

காரைக்கால்காரர்களுக்கு வெளிநாடு என்பது புதிதல்ல. பாரிஸ், ரீயூனியன், பழைய சைகோன் என்று தெருவுக்கு நாலு கதை கிடைக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்காக, பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கே இங்கு வாக்குச்சாவடி வைக்கிறார்கள். ஆனால் தென்னமெரிக்கா என்றால் மட்டும் ‘அது எங்கேயோ இருக்கு’ என்பதுதான் பதில்.

அங்கேதான் ஒரு விஷயம் விடுபட்டுப்போகிறது. ஏறத்தாழ 170 வருடங்களுக்கு முன்பே காரைக்கால், புதுச்சேரி கடற்கரைகளிலிருந்து தென்னமெரிக்கக் கண்டத்துக்கு ஆட்கள் போனார்கள். அவர்களும் ‘எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற பேச்சை நம்பித்தான் கப்பல் ஏறினார்கள். அவர்கள் இறங்கிய ஊர் இன்றைய டூர் லிஸ்ட் எதிலும் பெரும்பாலும் இருப்பதில்லை.

முதலில், டூரில் என்ன காட்டுவார்கள்?

கொலம்பியாவில் காபி விளையும் புகழ்பெற்ற பகுதிக்கு ‘எஹே கஃபெத்தேரோ’ என்று பெயர். கால்தாஸ், ரிசரால்தா, கிந்தியோ என்ற மூன்று மாகாணங்கள் இதில் முக்கியம். இந்த மலைச்சரிவுகளை யுனெஸ்கோ 2011-ல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. தோட்டத்து வீட்டிலேயே தங்கலாம். காலையில் இடுப்பில் ஒரு கூடையைக் கட்டிவிடுவார்கள். செடியில் பழுத்துச் சிவந்த காபிப் பழமாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். பிறகு தோல் உரிப்பது, ஊறவைத்துக் கழுவுவது, காயவைப்பது, வறுப்பது என்று ஒவ்வொரு கட்டமாகக் காட்டி, கடைசியில் கையில் ஒரு கோப்பை.

விருந்தாளி பறிப்பது அரை மணி நேரம். அந்தச் சரிவில் நாள் முழுக்கப் பறிப்பவர்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. இங்கு விளைவது அராபிகா ரகம். செங்குத்தான சரிவு என்பதால் மெஷின் உள்ளே போக முடியாது, ஒரே கிளையில் பழமும் காயும் கலந்திருக்கும், எல்லாமே கைவேலை. முக்கிய அறுவடை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வேலை நடக்கிறதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அந்த மாதங்களில் போவது நல்லது. மற்ற நேரத்தில் போனால் செடியும் செல்ஃபியும்தான்.

கும்பகோணம் டிகிரி காபியில் வளர்ந்த நாக்குக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொலம்பியாவில் தெருவில் கிடைப்பது ‘தின்தோ’. சின்னக் கோப்பையில் பால் இல்லாத கறுப்புக் காபி. சிக்கரி கிடையாது, நுரை கிடையாது. நல்ல தரக் கொட்டை பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போய்விடுவதால், காபி விளைகிற நாட்டிலேயே ரொம்ப காலம் சுமாரான காபியைத்தான் மக்கள் குடித்தார்கள். இப்போதுதான் பெரிய நகரங்களில் நிலைமை மாறியிருக்கிறது.

பக்கத்திலேயே சலேந்தோ என்ற சின்ன ஊர். அங்கிருந்து பழைய வில்லிஸ் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கோகோரா பள்ளத்தாக்குக்குப் போகலாம். கொலம்பியாவின் தேசிய மரமான மெழுகுப் பனை அங்கே நிற்கிறது. 60 மீட்டர் உயரம் வரை வளரும். டெல்டாவின் தென்னையைப் பக்கத்தில் நிறுத்தினால் கன்று மாதிரித் தெரியும்.

அதன் பிறகு நகரங்கள். மெதெயின் நகரில் 2004-லிருந்து மலைமேல் இருக்கும் ஏழைக் குடியிருப்புகளுக்குக் கேபிள் கார் ஓடுகிறது. பார்க்கப்போகிறவர்களுக்கு அது வேடிக்கை, அங்கே இருப்பவர்களுக்கு டவுன் பஸ். 13-வது வட்டாரத்தில் 2011-ல் தெருவிலேயே எஸ்கலேட்டர் போட்டார்கள். சுவரெல்லாம் ஓவியம், பாட்டு, நடனம். இதே வட்டாரத்தில்தான் 2002 அக்டோபரில் ராணுவமும் போலீசும் ஆயுதக் குழுக்களுக்கு எதிராகப் பெரிய நடவடிக்கை எடுத்தன, அதில் அங்கு வசித்த சாதாரண ஆட்களும் மாட்டிக்கொண்டார்கள். ஓவியங்களில் பலவும் அந்த நாட்களைப் பற்றியவை. கைடு சொல்லாவிட்டால் அழகான பெயின்ட் என்று நினைத்து வந்துவிடுவோம்.

கார்தஹேனா இன்னும் ஒரு படி மேல். கடலோரக் கோட்டைச் சுவர், மஞ்சளும் நீலமுமாக வீடுகள், தலையில் பழக்கூடையோடு பளபளக்கும் உடையில் பெண்கள். பிரபலமான போட்டோ அதுதான், எடுத்தால் காசு கொடுக்க வேண்டும், அது நியாயமும்கூட. அந்தப் பெண்களை ‘பலென்கேரா’ என்கிறார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடிய ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிய சான் பசிலியோ தே பலென்கே என்ற ஊரின் வழிவந்தவர்கள். ஸ்பானியர்கள் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கிய முக்கியத் துறைமுகங்களில் கார்தஹேனாவும் ஒன்று. குதிரை வண்டிகளுக்குப் பெயர்பெற்ற சதுக்கத்தில் அன்று மனிதர்களை விற்றார்கள்.

காபி அங்கே எப்படிப் போச்சு?

தென்னமெரிக்காவின் சொந்தப் பயிர் காபி அல்ல. எத்தியோப்பியாவில் பிறந்து ஏமனில் வளர்ந்த செடி அது. வரலாற்று நூல்கள் சொல்கிற பாதை கொஞ்சம் ஆச்சரியமானது. ஏமனிலிருந்து நம் மேற்குக் கரைக்கு வந்தது. அங்கே கண்ணூர்ப் பக்கமிருந்து 1690-களில் டச்சுக்காரர்கள் ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஜாவாவிலிருந்து 1706-ல் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டம். அங்கிருந்து தென்னமெரிக்காவில் அவர்கள் வசமிருந்த சுரினாம். சுரினாமுக்குப் பக்கத்து வீடு பிரெஞ்சு கயானா, தலைநகர் கயேன். டச்சுக்காரர்கள் கட்டிக்காத்த விதை எப்படியோ எல்லை தாண்டி கயேனுக்கு வந்துவிட்டது.

1727-ல் எல்லைத் தகராறு ஒன்றைப் பேசித் தீர்க்க ஃபிரான்சிஸ்கோ தே மெலோ பல்யேத்தா என்ற போர்ச்சுக்கீசிய அதிகாரி கயேனுக்கு வந்தார். திரும்பும்போது காபி விதையோடு போனார். கவர்னரின் மனைவி பூங்கொத்துக்குள் ஒளித்துக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு, கதையாகவே வைத்துக்கொள்ளலாம். அந்த விதைதான் பிரேசிலின் முதல் காபி என்பார்கள். இன்று உலகக் காபியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிரேசிலில் விளைகிறது. கயேனைவிட்டு விதை போனது, அதோடு காபி வியாபாரமும் போனது.

பிரேசிலின் காபித் தோட்டங்களில் 1888 வரை அடிமைகள்தான் வேலை செய்தார்கள். தமிழர்களுக்கும் இந்தக் கணக்கில் ஒரு வரி இருக்கிறது. இலங்கை மலையகத்துக்கு முதலில் தமிழ்த் தொழிலாளர்கள் நடந்துபோனது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. 1869-ல் அங்கே இலைத்துரு நோய் பரவிக் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. இலங்கை விட்ட சந்தையில் பிரேசில் இன்னும் வளர்ந்தது.

காரைக்காலிலிருந்து கப்பல் ஏறியது யார்?

பிரான்ஸ் தன் காலனிகளில் 1848-ல் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு உடனே ஆள் பஞ்சம். மாற்றாக அவர்கள் கண்டுபிடித்த வழி ஒப்பந்தக் கூலி. ஆள் எடுக்க வாகான இடங்களில் ஒன்றாகக் காரைக்கால் இருந்ததற்குக் காரணம் அதன் வரைபடம்தான். 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த இந்தத் துண்டு நிலத்தைச் சுற்றி, கடல் பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் பிரிட்டிஷாரின் தஞ்சாவூர் ஜில்லா. நிலமில்லாத உழவுக் கூலிகள் நிறைந்த ஜில்லா. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு ராஜ்ஜியம். தங்கள் ஊர் ஆட்களை ஏய்த்தும் கடத்தியும் காரைக்காலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் புகார் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

அதனால் ‘காரைக்காலிலிருந்து போனவர்கள்’ என்றால் காரைக்கால்காரர்கள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுற்றியுள்ள தஞ்சாவூர்க் கிராமங்களின் ஆட்களும் அதில் உண்டு. புதுச்சேரியிலிருந்தும், பின்னால் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின.

‘ஓரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் கரீபியன் தீவான மர்த்தினிக்கை அடைந்தது. அந்தத் தீவுக்கு இந்தியத் தொழிலாளர்களோடு வந்த முதல் கப்பல் அது. அடுத்த வருடக் கடைசியில் அதே கப்பல் குவாதலூப் தீவுக்குப் போனது. 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆள் எடுப்பதைச் சட்டபூர்வமாக்கின. கூலி ஏறும் துறைமுகங்களான புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கண்காணிக்க ஒரு பிரிட்டிஷ் பிரதிநிதி உட்கார்ந்தார். 1880-களின் கடைசிக்குள் மர்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு 42,000-க்கும் மேல், பிரெஞ்சு கயானாவுக்குச் சுமார் 8,500 பேர்.

ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ மூன்று மாதம் கடல். ஒப்பந்தம் ஐந்து வருடம். முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பலாம் என்று தாளில் எழுதியிருந்தது. தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

கயானாவில் என்ன நடந்தது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கயானா என்ற பெயரில் மூன்று நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பிரிட்டிஷ் கயானாதான் இன்றைய கயானா நாடு, கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஜார்ஜ்டவுன் தெரிந்திருக்கும். டச்சு கயானா இன்று சுரினாம். மூன்றாவதான பிரெஞ்சு கயானா தனி நாடு ஆகவே இல்லை. இன்றும் அது பிரான்சின் ஒரு மாகாணம், செலவாவது யூரோ.

பிரெஞ்சு கயானாவின் அப்ருவாக் ஆற்றங்கரையில் 1855-ல் தங்கம் கிடைத்தது. இந்தியர்கள் போய் இறங்கத் தொடங்கியதும் அதே சமயத்தில்தான். தோட்ட வேலைக்கு என்று சொல்லி அழைத்துவந்தவர்களில் பலரைக் காட்டுக்குள் தங்கம் அரிக்க அனுப்பினார்கள். வெயிலும் சேறும் டெல்டாவின் உழவனுக்குப் பழக்கம்தான், மலேரியாவும் மழைக்காடும் பழக்கமில்லை. போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பாமலே இறந்தார்கள். சாவு எண்ணிக்கையைப் பார்த்து 1870-களின் நடுவில் பிரிட்டிஷ் அரசே அங்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. மற்ற பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கப்பல் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தபோது கயானாவுக்கு மட்டும் நின்றுபோனது. அங்கு நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

குவாதலூப்பில் கதை வேறு மாதிரி. எண்ணிக்கை அதிகம், ஒன்றாக இருந்தார்கள், அதனால் நிறைய தங்கியது. மாரியம்மன் அங்கே ‘மாலியெமின்’ ஆனாள், கோயில்கள் இன்றும் இருக்கின்றன. இந்தியர்களுக்குக் குடியுரிமையும் ஓட்டும் வேண்டும் என்று ஆன்றி சிதம்பரோம் என்பவர் 1904-ல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923-ல் வென்றது. அவர் பெயரில் இருப்பது நம் சிதம்பரம்தான். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குவாதலூப்பின் உறுப்பினராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த எர்னெஸ்ட் முத்துசாமியின் முன்னோரும் இப்படிப் போனவர்களே.

கயானாவில் எஞ்சியவர்கள் கொஞ்சம் பேர். கிரியோல் மக்களோடு கலந்து, பெயரில் மட்டும் தெரிகிறார்கள்.

இன்று அங்கே போனால் என்ன இருக்கிறது?

வண்ணமயமான நகரம் என்றால் கயேனும் அப்படித்தான். மர வீடுகள், உயர்ந்த பனைகள் நிற்கும் சதுக்கம், காலை மார்க்கெட். சாப்பாட்டுக் கடைகளில் ‘கொலொம்போ’ என்று ஒரு கறி கிடைக்கும். மஞ்சள், கொத்தமல்லி, சீரகம் எல்லாம் போட்டது. அந்தப் பெயர் நம் குழம்பிலிருந்து போனது என்கிறார்கள். கட்டம் போட்ட துணிக்கு அங்கே பெயர் ‘மதராஸ்’, கிரியோல் பெண்களின் பாரம்பரிய உடையே அதில்தான். போனவர்கள் இல்லாவிட்டாலும் குழம்பும் துணியும் இருக்கின்றன.

கடலுக்குள் சலூ தீவுகள். பிரான்ஸ் தன் கைதிகளை அடைத்துவைத்த இடம், அதில் ஒன்றுதான் பெயர்பெற்ற ‘பிசாசுத் தீவு’. கக்காவோ என்ற கிராமத்தில் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் மக்கள் 1977-லிருந்து விவசாயம் செய்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பிரபலம். சைகோன் கதை கேட்டு வளர்ந்த காரைக்கால்காரர்கள் அங்கே போனால் பிரெஞ்சு ராஜ்ஜியம் எத்தனை ஊரை எத்தனை ஊரோடு முடிச்சுப் போட்டது என்று கொஞ்சம் நின்று யோசிப்பார்கள்.

கூரு என்ற பெயரை இஸ்ரோ செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அந்த ராக்கெட் தளம் இருப்பதும் பிரெஞ்சு கயானாவில்தான். மாட்டு வண்டியில் ஏற்றிய புகழ்பெற்ற படம் இருக்கிறதே, அந்த ‘ஆப்பிள்’ செயற்கைக்கோள் 1981 ஜூன் 19-ல் அங்கிருந்துதான் விண்ணுக்குப் போனது.

போக என்னென்ன வேண்டும்?

முதலில் ஊசி. கொலம்பியா, பிரேசில், பிரெஞ்சு கயானா எல்லாமே மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ளவை. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே நிறுத்தி ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆனால் ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அனுமதி பெற்ற மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுகச் சுகாதார அலுவலகம் ஆகிய இடங்களில் போடுகிறார்கள். ஏஜென்ட் கடைசி வாரத்தில் ஞாபகப்படுத்துவார் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்து விசா. பிரெஞ்சு கயானா பிரான்சுக்குள் இருந்தாலும் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. கையில் ஷெங்கன் விசா இருக்கிறதே என்று கயேனுக்கு டிக்கெட் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள், அதற்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள காரைக்கால்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து கயேன் போவது அவர்களுக்கு உள்நாட்டுப் பயணம், சுமார் ஒன்பது மணி நேரம். ஊசிச் சான்றிதழ் மட்டும் அவர்களும் காட்ட வேண்டும். கொலம்பியா, பிரேசில் விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, பணம் கட்டும் முன் அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தை நீங்களே ஒருமுறை பார்ப்பது நல்லது.

கொலம்பியா டூரோடு கயேனையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றால், எளிதில்லை. இரண்டுக்கும் நேரடி விமானம் கிடையாது. பிரேசிலின் பெலெம் வழியாகவோ பாரிஸ் வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும். பேக்கேஜில் அது இல்லாததற்கு வரலாற்றை மறந்ததுதான் காரணம் என்று ஏஜென்ட்டைத் திட்டவும் முடியாது. பிரேசில் டூர் போகிறவர்கள், பெலெம் வரை போவதாக இருந்தால், ஏஜென்ட்டிடம் கேட்டுப் பார்க்கலாம். பல்யேத்தா காபி விதையோடு போய் இறங்கிய வட்டாரமும் பெலெம் பக்கம்தான்.

வீட்டிலிருந்தே தேடலாம்

டிக்கெட் இல்லாமலும் ஒரு பயணம் போகலாம். பிரான்சின் எக்ஸான்-புரோவான்ஸ் நகரில் காலனிகளின் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். காரைக்கால் பதிவேடும் உண்டு, கயானா பதிவேடும் உண்டு. தாத்தாவுக்குத் தாத்தாவின் தம்பி ‘கப்பலுக்குப் போனவர், அப்புறம் தகவல் இல்லை’ என்று சொல்லும் குடும்பங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

ஒரே சிக்கல் எழுத்துக்கூட்டு. காதில் விழுந்ததைப் பிரெஞ்சு குமாஸ்தா தனக்குத் தெரிந்தபடி எழுதினார். சின்னப்பன் ‘சினாபேன்’ ஆனார், வீரப்பன் ‘விராபேன்’ ஆனார். ‘உ’ வருகிற இடத்திலெல்லாம் பிரெஞ்சு வழக்கப்படி இரண்டு எழுத்து போட்டிருப்பார்கள். தேடும் பெட்டியில் ஆங்கில எழுத்துக்கூட்டில் போட்டால் ஒன்றும் வராது. பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு படித்த தாத்தா யாராவது இருப்பார், அவரைக் கூட உட்காரவைத்துக்கொண்டு, பெயரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லித் தேடுங்கள்.